காம்பராவுக்குள் ஒரு கும்பிடுபூச்சி

லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மேல் டிவிசனில் பழைய கொழுந்து மடுவம் இருந்தது. ரோட்டோரத்தில் புதியது கட்டிய பிறகு இங்கே யாரும் கொழுந்து நிறுப்பதில்லை. தகரக் கூரை, மண் தரை, ஒற்றை மரக் கதவு. உள்ளே சுவரோரம் கவிழ்த்துப் போட்ட ஒரு தேயிலைப் பெட்டி. பல வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்தப் பெட்டியின்மேல் ஒரு சீனாக்காரர் உட்கார்ந்திருந்தார். அறுபத்து நாலாம் வருட ஐப்பசி மழையில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. லிந்துலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு பெட்டியில் யாரும் உட்காரவில்லை. அவரிடம் அடிவித்தை படித்து, இன்னும் பாடத்துக்கு வருகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

மடுவத்தின் சாவி அவர் மனைவி தெரேசாவிடம் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் தெளிவாகச் சொன்ன கடைசி வார்த்தை அதைப் பற்றியதுதான்.

"மடுவத்தப் பூட்டிராதீங்க."

அவர் எல்லாரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். பெண்டாட்டியையும், லயத்து நாயையும். ஷென் என்ற அந்த மனுசர் சீனாவின் ஷான்டுங் மாகாணத்திலிருந்து இளவயதில் கப்பலேறி வந்தவர். பட்டுத் துணியும் லேசுப் பின்னலும் கட்டிய மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு பங்களா பங்களாவாக நடந்து விற்றார். பங்களாவில் விற்காமல் மிஞ்சிய துண்டுத் துணியைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் விற்றார். தமிழையும் அந்த வாசல்களில்தான் பொறுக்கினார். அதனால் அவர் பேசினாலே வியாபாரம் பேசுகிற மாதிரி இருக்கும். "வாங்க, பாருங்க, தொட்டுப் பாருங்க, வாங்காட்டிப் பரவால்ல" என்பது அவர் வாயில் எப்போதும் நிற்கும். பிறகு வித்தை சொல்லிக்கொடுத்தபோதும் அதையேதான் சொன்னார். முதல் தடவை வருகிற ஆளைத் தன் எதிரே நிறுத்தி, கையை நீட்டி, "தொட்டுப் பாருங்க" என்பார். தொட்டவன் தரையில் கிடப்பான். "வாங்காட்டிப் பரவால்ல" என்று தூக்கி நிறுத்துவார்.

அந்த வித்தைக்கு அவர் ஊரில் என்ன பெயரோ, அவர் சொன்னது யார் நாக்கிலும் ஏறவில்லை. ஒருநாள் தேயிலைச் செடியில் ஒரு கும்பிடுபூச்சி முன்கால்களை மடக்கிக்கொண்டு நிற்பதைக் காட்டி, "இதுதான். எங்க ஊர்ல ஒருத்தர் இதப் பாத்துப் பாத்துப் படிச்சாராம்" என்றார். அன்றிலிருந்து அது கும்பிடுபூச்சி அடி ஆயிற்று.

நாற்பத்தெட்டில் குடியுரிமைச் சட்டம் வந்து தோட்டத்துச் சனங்கள் ஊரில்லாதவர்கள் ஆனார்கள். அடுத்த வருடம் சீனாவில் ஆட்சி மாறி, அவருக்கும் திரும்பிப் போக வழி அடைபட்டது. வருடா வருடம் கொழும்புக்குப் போய் இருக்க அனுமதி வாங்கிக்கொண்டு வருவார். "நம்ம எல்லாம் ஒரே ஊர்க்காரங்க" என்று சிரிப்பார். தெரேசாவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்தபோது சாமியார் அவருக்குச் சூசை என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரைச் சொல்லிச் சாமியாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. தெரேசாவின் பெயரில் இருந்த லயக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், வெளியாள் குடியிருக்கக் கூடாது. ஆனால் துரையின் மனைவியான துரைசாணிக்கு அவருடைய லேசு பிடிக்கும். அதனால் துரை கண்டுகொள்ளவில்லை.

கார்த்திகை முடிகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை றோலண்ட் பேச்சை எடுத்தான்.

றோலண்ட் தோட்டத்து மருந்துக்காரரின் மகன். ஹட்டனில் லாரிக் கம்பெனியில் கிளார்க்காக இருந்தான். மாணவர்களில் மூத்தவன், நல்ல உயரம். கால் வீசினால் மடுவத்து விட்டம் அதிரும் என்று சொல்வார்கள். சீனாக்காரர் போன பிறகு அவன்தான் முன்னால் நின்று எல்லாருக்கும் எண்ணிக்கை சொன்னான். தெரேசா வழக்கம்போல ஓரத்தில் அடுப்பு மூட்டித் தேத்தண்ணி வைத்தாள்.

"எல்லாரும் ஒரு நிமிசம் உக்காருங்க" என்றான் றோலண்ட். "அடுத்த மாசம் ஹட்டன் கார்னிவல்ல நமக்கு மேடை தர்றாங்க. ஓடு ஒடைக்கலாம், கம்பு சுத்தலாம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஹால் ஒண்ணும் பேசியிருக்கேன். இனிமே பாடம் அங்கதான். மாஸ்டர் பேர போர்டுல பெருசா எழுதிருவோம்."

ஃபேக்டரியில் அரைப்பு மெசின் பார்க்கிற வீரய்யா கேட்டான், "ஞாயித்துக்கெழமை ஹட்டனுக்கு வந்து போனா நான் எப்ப வெறகு பொறுக்குறது?"

"வர்றவங்க வரட்டும் வீரய்யா. வித்தைய இந்தத் தகரக் கொட்டாய்க்குள்ள போட்டு மூட முடியுமா?"

கொழுந்தெடுக்கிற மீனம்மா ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பாடத்துக்கு வருகிற மூன்று பெண்களில் அவள் ஒருத்தி. ஹட்டன் ஹாலுக்கு அவளை அவள் வீட்டில் விட மாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும், அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும். தலையைக் குனிந்து, கீழே விரித்திருந்த படங்குச் சாக்கின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

தெரேசா கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"பாடம் இங்கதான் நடக்கும் தம்பி."

"யாரு நடத்துறது அக்கா?"

"நான்."

யாரும் சிரிக்கவில்லை. அது அவளுக்குச் சிரித்ததைவிட மோசமாக இருந்தது. றோலண்ட் மரியாதையாகத்தான் பேசினான். அவனுக்கு அவள்மேல் கோபம் இல்லை.

"அக்கா, ஒங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா இது வேற. அவுங்க ஊரு முறையில குருவுக்கு முன்னாடி முழங்கால் போட்டுத் தேத்தண்ணி குடுக்கணும். அவரு வாங்கிக் குடிச்சாத்தான் அந்த ஆளு சிஷ்யன். மத்தவங்க எல்லாம் சும்மா படிக்கிறவங்க. நானே குடுத்துப் பாத்தேன். இவுங்க எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. அவரு குடிக்கல. 'ஒருத்தர்தான். குடிச்சாச்சு'ன்னாரு. அந்த ஒருத்தரு சீனாவுல எங்க இருக்காரோ. அதனால இங்க யாரும் வாரிசு இல்ல. தெரிஞ்சவன் நடத்த வேண்டியதுதான்."

"அவரு குடிச்சது நான் குடுத்தத" என்றாள் தெரேசா.

இப்போது சிரித்தார்கள். கோயில் திருவிழாவில் பந்தம் பிடிக்கிற அழகுமுத்து தொடையைத் தட்டிக்கொண்டே சொன்னான், "பொண்டாட்டி குடுத்த தேத்தண்ணியக் குடிச்சதுக்கெல்லாம் கணக்குன்னா, அக்கா, என் வீட்டுக்காரியும் மாஸ்டர்தான். தெனமும் ரெண்டு வேளை குடுக்குறா."

தெரேசாவுக்கும் சிரிப்பு வந்தது. ஏனென்றால் அது நடந்த விதம் அப்படித்தான்.

கலியாணத்துக்கு மறுநாள் காலை. காம்பராவின் அடுப்பு தரையோடு தரையாக இருக்கும். முழங்கால் போட்டு ஊதினால்தான் ஈர விறகு பிடிக்கும். அவர் தன் துணி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். தேத்தண்ணி கொதித்ததும் எழுந்து நடக்க என்ன இருக்கிறது, இரண்டு அடி தூரம்தானே என்று, முழங்காலில் இருந்தபடியே திரும்பி, தோட்டத்தில் பெரியவர்களுக்குக் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் கோப்பையை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. வெகுநேரம் அவள் கையையே பார்த்தார். பிறகு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதக் குடிச்சா திருப்பிக் குடுக்க முடியாதுங்க" என்றார்.

"குடிச்சத யாரு திருப்பிக் கேப்பாங்க. கருப்பட்டி போட்டிருக்கேன், ஆறிப்போகும்" என்றாள் அவள்.

அவர் மிச்சம் வைக்காமல் குடித்தார். அன்றைக்கே, சோறு வேகிற நேரத்தில், காலை அகட்டி முழங்காலை மடக்கிக் குதிரைமேல் உட்கார்கிற மாதிரி நிற்கச் சொன்னார். சீனாவில் பெண்டாட்டிகள் இப்படித்தான் சோறு ஆக்குவார்கள் போல என்று நினைத்துக்கொண்டு அவள் நின்றாள். கூடையைத் தலையில் மாட்டி மலையில் நாளெல்லாம் நிற்கிறவளுக்கு இது பெரிய காரியம் இல்லை. ஒரு மாதம் போனது. கையை மடக்கச் சொன்னார். அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு எட்டு வைத்துத் திரும்பச் சொன்னார். குட்டி போட்ட ஆட்டைப் போல மெலிந்த தன் உடம்பைத் தேற்றத்தான் இதெல்லாம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். கோயிலில் ஜெபமாலை சொல்கிற மாதிரி, அது என்ன என்று கேட்காமல் ஒவ்வொரு நாளும் செய்தாள்.

பல வருடம் கழித்து, மடுவத்தில் றோலண்ட் பீங்கான் கோப்பையோடு முழங்கால் போட்ட அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது. கையில் கழுவிக்கொண்டிருந்த டம்ளரோடு அப்படியே நின்றாள். வீட்டுக்குப் போகிற வழியில் கேட்டாள்.

"அன்னைக்கு நான் குடுத்தது அந்தத் தேத்தண்ணியா?"

"ஆமாங்க."

"எனக்குத் தெரியாதே."

"எனக்குத் தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வெக்கப்பட்டு விட்டுருவீங்க" என்றார் அவர். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "இப்ப விட முடியாது. நெறையத் தெரிஞ்சு போச்சு" என்றார்.

இதை மடுவத்தில் எல்லார் முன்னாலும் சொல்ல அவளுக்கு வரவில்லை. சொன்னாலும் அழகுமுத்து இன்னொரு தரம் தொடையைத் தட்டுவான். அவள் எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு தரையின் நடுவே போய் நின்றாள்.

"அவரு சொல்லிக்குடுத்தத செஞ்சு காட்டுறேன். பாத்துட்டுச் சொல்லுங்க."

காலை அகட்டினாள். கைகள் மடங்கின. முதல் சில அசைவுகள் சரியாக வந்தன. பிறகுதான் தப்பு ஆரம்பித்தது. அகலமான இடத்தில் அவள் ஒரு எட்டுக்குமேல் போகவில்லை. எதிரே வெறும் தரை கிடக்க, எதிலோ முட்டப் போகிறவள் மாதிரி சட்டென்று திரும்பினாள். இடது கால் தரையில் இல்லாத எதையோ தாண்டியது. முழங்கை விலாவை விட்டு விலகவே இல்லை. குனிய வேண்டாத இடத்தில் குனிந்தாள். பதினாலு வருடப் பழக்கம், கால் கேட்க மறுத்தது.

"அக்கா, இது மாஸ்டர் காட்டுனது மாதிரி இல்லையே" என்றான் றோலண்ட். அவன் குரலில் இரக்கம் இருந்தது. "அவரு எங்களுக்கு எப்படிக் காட்டுனாரு, இந்த மூலையில இருந்து அந்த மூல வரைக்கும் பாய்ஞ்சு போவாரு. இது என்னமோ குசினிக்குள்ள சட்டி எடுக்குற மாதிரி..."

"குசினிக்குள்ள கத்துக்கிட்டதுதான்" என்றாள் தெரேசா.

சொன்ன பிறகு அவளே நின்று யோசித்தாள். முகம் சுட்டது. ஆனால் சாவி இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது. திரும்பி அடுப்படிக்குப் போனாள். போய்விட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் சாம்பலை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்து தரையில் கோடு போட ஆரம்பித்தாள். பத்தடி ஒரு பக்கம், பன்னிரண்டடி ஒரு பக்கம். அளக்க வேண்டியிருக்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் றோலண்டைத் தவிர எல்லாரும் பிறந்தது அந்த அளவுக்குள்தான்.

"இது காம்பரா" என்று வீரய்யா முணுமுணுத்தான்.

"வீரய்யா, நீ இந்த மூலையில வந்து நில்லு. நீதான் அடுப்பு."

"நான் அடுப்பா?"

"ஆமா. எரியாம நில்லு. அழகுமுத்து, இங்க குந்து. நீ கட்டில்."

"அக்கா, நான் கட்டில்னா யாராச்சும் படுத்துருவாங்க."

"படுக்க மாட்டாங்க, மூட்டப்பூச்சிக்குப் பயந்து. வாய மூடிக்கிட்டு நீளமா உக்காரு. மீனம்மா, தண்ணிக் கொடம் அங்கதான் இருக்கும், இல்லையா? அங்க நில்லு. மத்தவங்க கோட்டுமேல நின்னு செவுராகுங்க."

சிரித்துக்கொண்டே எழுந்து வந்து நின்றார்கள். நின்ற பிறகு, நடுவில் மிஞ்சிய இடத்தைப் பார்த்துச் சிரிப்பை விட்டார்கள். ஒரு பாய் விரிக்கிற இடம் இருந்தது.

தெரேசா அதற்குள் நுழைந்தாள். மறுபடி காலை அகட்டினாள். இந்தத் தடவை கால்கள் தயங்கவில்லை. ஒரு எட்டு வைத்தாள், அடுப்பு, திரும்பினாள். கட்டில் காலைத் தாண்டினாள். குனிந்தது காயப்போட்ட துணிக் கொடிக்காக. ஒவ்வொரு திரும்பலிலும் கை பூச்சியின் முன்கால் மாதிரி மடங்கி நீண்டு, வீரய்யாவின் மூக்குக்கு முன்னால் ஒரு விரல்கடையில் நின்று திரும்பிற்று. வீரய்யா கண்ணை மூடிக்கொண்டான். சுவராக நின்றவர்களில் ஒருவர்மேலும் அவள் சேலை படவில்லை.

முடித்துவிட்டு, மூச்சு வாங்கியபடி, றோலண்டைப் பார்த்தாள்.

"உள்ள வாங்க தம்பி. தொட்டுப் பாருங்க."

அந்த வார்த்தையை வேறு ஒருவர் வாயில் அவர்கள் கேட்டதில்லை. றோலண்டின் முகம் மாறியது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டி உள்ளே வந்தான்.

அவனுக்கு அவளை அடிக்க மனமில்லை, முதலில் தோளைத் தொடத்தான் கையை நீட்டினான். மணிக்கட்டில் ஏதோ கொக்கி மாட்டிய மாதிரி இருந்தது. அடுத்த நொடி அவன், அடுப்பாக நின்ற வீரய்யாவின் காலடியில் முழங்கால் போட்டிருந்தான். எழுந்தான். இந்தத் தடவை காலை வீசினான். விட்டத்தை அதிர வைக்கிற கால், பாதி வழியில் கட்டில்மேல் இடித்தது.

"ஐயோ, என் முதுகு" என்றது கட்டில்.

கால் தரைக்கு வருமுன் தெரேசா அவனுக்குப் பக்கத்தில் நின்றாள். முழங்கையால் லேசாக ஒரு தள்ளு, அவன் சுவரில் போய் மோதினான். சுவர்கள் இரண்டு பேர் அவனைத் தாங்கிப் பிடித்தார்கள். மூன்றாவது தடவை அவன் புத்தியோடு வந்தான். கையைக் கொடுக்காமல் உடம்போடு நெருங்கி, தன் கனத்தால் அவளைத் தண்ணிக் குடத்துப் பக்கம் நெருக்கினான். அவள் கால் பின்னால் வழுக்கியது. மீனம்மா நகராமல் நின்றாள். தெரேசா இடுப்பைத் தாழ்த்தினாள். சோறு வேகும்வரை நின்று நின்று பழகிய அந்த நிலையில் கால் தரையில் ஊன்றிக்கொண்டது. அவனால் அதற்குமேல் அவளைத் தள்ள முடியவில்லை. அவளாலும் அவனைப் பிரட்ட முடியவில்லை. இரண்டு பேரும் அப்படியே மூச்சிரைக்க நின்றார்கள்.

கடைசியில் அவன்தான் கையை எடுத்தான்.

"இத எனக்கு ஏன் அவரு காட்டல?"

"ஒங்க வீடு பெருசு தம்பி. அப்பாவோட கோட்டர்ஸ்ல நாலு ரூம். ஒங்களுக்குப் பாய்ஞ்சு போறதக் குடுத்தாரு. அதுவும் அவருதுதான், அதுல பொய் இல்ல."

றோலண்ட் தரையைப் பார்த்தான். சாம்பல் கோடு அவன் காலில் போட்டிருந்த சப்பாத்தில் ஒட்டியிருந்தது.

"கார்னிவலுக்கு நான் வாக்குக் குடுத்துட்டேன் அக்கா."

"போங்க. ஓடு ஒடைங்க. ஒங்க கால யாரும் கட்டிப் போடல. ஆனா அவரு பேர போர்டுல எழுத வேணாம். அவரு பேரு வேணுங்கிறவங்க இந்தக் கதவத் தொறந்துக்கிட்டு வரட்டும்."

அவன் ஆணியில் மாட்டியிருந்த கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனான். இரண்டு பேர் அவன் பின்னால் போனார்கள். கதவு திறந்தபடியே இருக்க, சாரல் உள்ளே அடித்தது. சுவர்கள் இன்னும் கோட்டுமேலேயே நின்றன.

"அக்கா, நான் இன்னும் கட்டிலா?" என்று கேட்டான் அழகுமுத்து.

"இல்ல, இனிமே நீ மனுசன். எந்திரி. எல்லாரும் அவங்கவங்க காம்பராவக் கோடு போடுங்க. அடுப்பு எங்க, கொடம் எங்கன்னு ஒங்களுக்குத்தான் தெரியும்."

அடுப்பில் சாம்பல் போதவில்லை. வீரய்யா பக்கத்து லயத்துக்கு ஓடி ஒரு பழைய தகர டப்பா நிறைய வாங்கிக்கொண்டு வந்தான். மடுவத்தின் தரை முழுவதும் ஒன்றை ஒட்டி ஒன்றாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் விழுந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் கூரை கழற்றிய ஒரு லயம் மாதிரியே இருந்தது. மீனம்மா தன் கட்டத்துக்குள் நின்று, அம்மா படுக்கிற இடத்தையும் தம்பிகள் படுக்கிற இடத்தையும் கழித்துவிட்டு, தனக்கு எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆள் நிற்க இடம் இருந்தது. அதில் காலை அகட்டி நின்றாள்.

முன்னால் நின்று எண்ணிக்கை சொல்ல ஆள் இல்லை. தெரேசா அந்தத் தேயிலைப் பெட்டியைப் பார்த்தாள். போய், ஈரத் தூசியைத் தலைப்பால் துடைத்துவிட்டு, அதன்மேல் உட்கார்ந்தாள். பெட்டி ஆடியது. அவர் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. அவள் சரிந்து, தன் கனத்தை அதற்கேற்ப வைத்துக்கொண்டாள்.

"குதிரையில ஏறுங்க" என்றாள்.

கார்னிவல் வந்தது, போனது. றோலண்ட் ஓடு உடைத்ததாகவும் சனம் கை தட்டியதாகவும் வீரய்யா வந்து சொன்னான். போர்டில் யார் பெயரும் இல்லையாம். இரண்டு நாட்டு ஒப்பந்தத்தால் இந்தியாவுக்குப் போகிற பேச்சு லயங்களில் ஆரம்பித்திருந்த காலம் அது. யார் இருப்பார்கள், யார் போவார்கள் என்று தெரியாது. தெரேசா அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் விடவில்லை. போகிறவர்கள் எங்கே போனாலும் அங்கேயும் ஒரு காம்பரா இருக்கத்தான் போகிறது என்று சொன்னாள்.

தை மாதம் ஒரு காலை, பாடம் முடிந்ததும் மீனம்மா தேத்தண்ணி கொண்டுவந்தாள். பெட்டியின் முன்னால் வந்து, யாரும் எதிர்பாராமல், முழங்கால் போட்டு இரண்டு கையாலும் கோப்பையை நீட்டினாள்.  

தெரேசா கோப்பையைப் பார்த்தாள். துணி மூட்டைமேல் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்ட மனுசரை நினைத்தாள்.

"இது என்ன தேத்தண்ணின்னு தெரிஞ்சுதான் குடுக்குறியா?"

"தெரிஞ்சுதான் அக்கா."

"இதக் குடிச்சா திருப்பிக் குடுக்க முடியாது."

"தெரியும்."

"வீட்டுல கேட்டியா?"

மீனம்மா கோப்பைக்குள் பார்த்தாள்.

"எந்திரி" என்றாள் தெரேசா. "நின்னுக்கிட்டுக் குடு. இன்னைக்குத் தாகத்துக்குக் குடிக்கிறேன். மத்தது, நீ ஒங்க அம்மாகிட்ட சொல்லிட்டு வா, அன்னைக்குப் பாக்கலாம்."

மீனம்மா எழுந்து நின்று நீட்டினாள். தெரேசா வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

"கருப்பட்டி பத்தல" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தபோது வாசலில் மீனம்மா நின்றாள், பக்கத்தில் கம்பளியைத் தலைக்குப் போட்டுக்கொண்டு அவள் அம்மா. கொஞ்சம் தள்ளி, மழையில் நனைந்தபடி, கழற்றிய கோட்டால் எதையோ மூடிப் பிடித்துக்கொண்டு றோலண்ட் நின்றான். அவன் கையில் கோப்பை எதுவும் இல்லை. கோட்டுக்கு அடியில் ஒரு தகர டப்பா நிறையச் சாம்பல் இருந்தது.

"நனையாமக் கொண்டாந்திருக்கீங்களே" என்றாள் தெரேசா. "உள்ள வாங்க."